தேடியவர் யார், கட்டியவர் யார்?

(தேசிய நூலகர் நாளையொட்டி மருத்துவ நூலகர்களும் மருத்துவ மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்டு 12 என்ன நாள் என்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றி, 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதனின் நாள். அவருடைய நான்காம் விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த விதி ஒலிக்காத நூலகர் கூட்டம் கிடையாது. ஆனால் அதை ஒட்டி வரும் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. வாசகரின் நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் வேறு யாராவது தன் நேரத்தைச் செலவழித்தாக வேண்டும். அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

இன்று ஒரு மருத்துவ மாணவி கைப்பேசியில் பப்மெட்டைத் திறக்கிறாள். நோயின் பெயரைத் தட்டுகிறாள். நொடியில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் விவரம் வந்து விழுகிறது. அவள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அதனால் இந்தத் தேடலுக்கு விலையே இல்லை என்று அவள் நினைத்தால் அது இயல்புதான். விலை இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. 140 ஆண்டுகளுக்கு மேலாக அது ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் யார் தேடலாம், எப்படித் தேடலாம் என்பதும் சேர்ந்தே மாறியது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. முடிவில் நம் ஊருக்கும் வருகிறது.

முதலில் ஒரு ராணுவ மருத்துவர். பெயர் ஜான் ஷா பில்லிங்ஸ். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறு நூலகம் அவர் பொறுப்புக்கு வந்தது. அதை நாட்டின் மிகப் பெரிய மருத்துவ நூலகமாக வளர்த்தார். நூலகம் வளர வளர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் அடைவு தேவைப்பட்டது. புத்தகங்களை மட்டும் பட்டியலிட்டால் போதாது, ஆய்விதழ்களில் வரும் ஒவ்வொரு கட்டுரையையும் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1879-இல் ராபர்ட் ஃபிளெட்சர் என்ற மருத்துவருடன் சேர்ந்து ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அந்த மாதம் உலக மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தலைப்புவாரியாக அடுக்கித் தரும் இதழ் அது.

இடையில் ஒரு சுவையான செய்தி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியிலும் பில்லிங்ஸுக்குப் பங்கு இருந்தது. கணக்கெடுப்புத் தாள்களைக் கையால் எண்ணுவதற்குப் பதிலாக அட்டையில் துளையிட்டு இயந்திரத்தால் எண்ணலாமே என்ற யோசனையை ஹெர்மன் ஹோலரித் என்ற இளம் பொறியாளருக்குத் தூண்டியவர் அவரே. 1890 கணக்கெடுப்பில் ஹோலரித்தின் இயந்திரம் ஓடியது. அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ஐபிஎம்மின் வேர்களில் ஒன்றானது. மருத்துவ அடைவும் கணினியும் பிறந்த காலத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இனி விலைக்கு வருவோம். இண்டெக்ஸ் மெடிகஸைத் தயாரித்தவர்கள் அரசு நூலகத்தில் சம்பளம் வாங்கியவர்கள். அச்சிட்டு விற்றவரோ ஃபிரெடரிக் லேபோல்ட் என்ற தனியார் பதிப்பாளர். மருத்துவர்கள் சந்தா கட்டி வாங்குவார்கள், செலவு தேறிவிடும் என்பது கணக்கு. கணக்குத் தப்பியது. போதிய சந்தாதாரர்கள் சேரவில்லை. நட்டம் கூடிக்கொண்டே போய் 1899-இல் இதழ் நின்றது. பாரிசிலிருந்து ஒரு மாற்று இதழ் சில ஆண்டுகள் வந்து அதுவும் ஓய்ந்தது. 1903-இல் வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் பணம் கொடுத்த பிறகே இண்டெக்ஸ் மெடிகஸ் மறுபடி மூச்சு விட்டது.

இதிலிருந்து ஒரு பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த உரை முழுக்க அது கூடவே வரும். அடைவு உருவாக்குவது செலவு பிடிக்கும் வேலை. அதனால் எல்லோருக்கும் பயன் உண்டு. ஆனால் அந்த முழுச் செலவையும் தாங்கும் அளவுக்குப் பணம் கொடுக்கத் தனி வாசகர் யாரும் முன்வருவதில்லை. எனவே அரசோ அறக்கட்டளையோ தோள் கொடுக்காமல் இண்டெக்ஸ் மெடிகஸ் நிலைத்து நிற்கவில்லை.

அடுத்த திருப்பம் 1956. செனட்டர்கள் லிஸ்டர் ஹில்லும் ஜான் எஃப். கென்னடியும் கொண்டுவந்த சட்டத்தால் அந்த ராணுவ நூலகம் தேசிய மருத்துவ நூலகமாக மாறியது. 1960-இல் ‘மெஷ்’ என்று நாம் அழைக்கும் மருத்துவப் பொருள் தலைப்புகளின் பட்டியல் வந்தது. 1962-இல் நூலகம் பெதெஸ்டாவில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. 1964-இல் மெட்லார்ஸ் என்ற கணினி அமைப்பு ஓடத் தொடங்கியது. மெட்லார்ஸின் முதல் வேலை இண்டெக்ஸ் மெடிகஸை வேகமாக அச்சேற்றுவது. காந்த நாடாவில் தகவல் ஏற்கெனவே இருக்கும்போது, தனிப்பட்ட கேள்விகளுக்கும் அதில் தேடிக் கொடுக்கலாமே என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டது.

அந்தத் தேடல் எப்படி நடந்தது? மருத்துவர் தன் கேள்வியைப் படிவத்தில் எழுதி அஞ்சலில் அனுப்புவார். பயிற்சி பெற்ற நூலகர் அதை மெஷ் தலைப்புகளாக மாற்றுவார். பல கேள்விகள் சேர்ந்ததும் மொத்தமாகக் கணினியில் ஓட்டுவார்கள். அச்சிட்ட பட்டியல் சில வாரம் கழித்து மருத்துவர் கைக்கு வரும். காசு கேட்கவில்லை. காத்திருப்புதான் கட்டணம். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அந்தப் பட்டியலால் பெரும்பாலும் பயனில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவருக்குத்தான் பயன். தரமும் நாம் நினைப்பதுபோல இல்லை. எஃப்.டபிள்யூ. லங்காஸ்டர் 1968-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பொருத்தமான கட்டுரைகளில் சுமார் 58 சதவீதத்தைத்தான் மெட்லார்ஸ் பிடித்தது. பிடித்துக் கொடுத்ததில் ஏறத்தாழப் பாதிதான் பொருத்தம். தேடல் கருவிகளை அளந்து பார்க்கும் வழக்கத்தின் முன்னோடிகளில் அந்த ஆய்வும் ஒன்று.

காத்திருப்பை ஒழித்தது தொலைபேசிக் கம்பி. 1970-இல் ஒரு சோதனை. நூறு சொச்சம் முக்கிய ஆய்விதழ்களின் அடைவைக் கலிபோர்னியாவில் சான்டா மோனிகாவில் இருந்த கணினியில் ஏற்றி, தொலைதட்டச்சு வழியாக நாடெங்கிலும் இருந்து தேட விட்டார்கள். கணினிச் செலவு நூலகத்துடையது. கம்பிச் செலவு கேட்பவருடையது. வரவேற்பு பலமாக இருந்தது. 1971 அக்டோபரில் மெட்லைன் என்ற நேரடித் தேடல் சேவை பிறந்தது. தொடக்கத்தில் அது தாங்கியது ஒரே நேரத்தில் 25 பேரை; உள்ளே இருந்தவை 239 ஆய்விதழ்கள். இன்றைய கண்ணுக்கு இது வேடிக்கை. அன்று அது புரட்சி. கேட்ட கேள்விக்கு அதே அமர்வில் பதில். பதிலைப் பார்த்துக் கேள்வியைத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் கணினி திணறும். 1973-இல் நூலகம் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அச்சிட்ட பக்கத்துக்குத் தனிக் காசு. கூட்ட நேரத்துக்கு ஒரு விலை, கூட்டம் குறைந்த நேரத்துக்கு ஒரு விலை என்றும் பின்னர் வந்தது. நம்மில் நடுவயதைக் கடந்தவர்களுக்கு எஸ்டிடி பூத் நினைவிருக்கும். சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓட, அதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போவோம். இரவில் கட்டணம் குறைவு என்பதால் வரிசையில் நிற்போம். மெட்லைன் தேடலும் அதே மாதிரிதான் இருந்தது.

இந்த மீட்டர் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு என்றால், தடுமாறுகிறவர் உள்ளே போகக் கூடாது. ஆகவே மருத்துவர் நேரடியாகத் தேடவில்லை. தேசிய மருத்துவ நூலகத்தின் முறையில் பயிற்சி பெற்ற நூலகர் அவருக்காகத் தேடினார். நூலகர் முதலில் மருத்துவரிடம் பேசுவார். உண்மையில் என்ன வேண்டும் என்று துருவிக் கேட்பார். சரியான பொருள் தலைப்புகளைத் தேர்ந்து, எது ‘மற்றும்’, எது ‘அல்லது’ என்று தாளில் திட்டம் போடுவார். அதன் பிறகுதான் எண்ணைச் சுழற்றுவார். வேகமாகத் தட்டச்சு செய்து, கிடைத்ததை வாங்கி, இணைப்பைத் துண்டிப்பார். கட்டணம்தான் இந்த ஒழுக்கத்தைக் கற்பித்தது. நம் தொழிலுக்கு மருத்துவமனையில் ஒரு மரியாதையான இடத்தைப் பெற்றுத் தந்ததும் அந்த மீட்டர்தான். அதே மீட்டர்தான், மேய்ந்து பார்க்கிற சுதந்திரத்தையும் பறித்தது. எதையோ தேடப் போய் வேறெதையோ கண்டெடுக்கும் வாய்ப்பு நிமிடக் கட்டணத்தில் செத்துப்போகும்.

வணிக நிறுவனங்களும் களத்தில் இறங்கின. லாக்ஹீட் விமான நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராஜர் சம்மிட் உருவாக்கிய டயலாக், 1972 முதல் வணிகச் சேவையாக இயங்கியது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் தகவல் வலையமைப்பில் வேலை பார்த்தவர்கள் அதிலிருந்து கிளைத்து 1976-இல் பிஆர்எஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நூலகங்கள் இத்தனை மணி நேரம் வாங்குகிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மணிக்கட்டணம் குறையும் என்றது பிஆர்எஸ். போட்டி நிறுவனங்களும் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ‘பிஆர்எஸ் ஆஃப்டர் டார்க்’ என்று இரவு நேரச் சேவை வந்தது. பகலில் நூலகங்களுக்கு ஓடிய கணினி இரவில் சும்மா கிடப்பானேன், வீட்டில் கணினி வைத்திருக்கும் தனி ஆட்களுக்குக் குறைந்த விலைக்கு விடலாம் என்ற யோசனை. டயலாக்கும் ‘நாலெட்ஜ் இண்டெக்ஸ்’ என்று அதையே செய்தது.

பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வேறொரு சோதனை. ஹோவர்டு பிளைக்கும் கேரி ஹோரோவிட்சும் 1979-இல் ‘பேப்பர்சேஸ்’ என்ற தேடல் முறையை நூலகத்தில் வைத்தார்கள். பயிற்சி வேண்டாம், கட்டளை மொழி வேண்டாம், கட்டணமும் வேண்டாம். மருத்துவர்களும் மாணவர்களும் தாங்களே வந்து உட்கார்ந்து தேடினார்கள். மருத்துவருக்குத் தேடத் தெரியாது என்ற நம்பிக்கையை அது அசைத்தது. அவர்களைத் தள்ளி நிறுத்தியதில் மீட்டருக்கும் கட்டளை மொழிக்கும் பெரும் பங்கு இருந்தது என்று புரிந்தது.

1980-களில் விலைப் பிரச்சினை அரசியல் மேடையில் ஏறியது. வரிப்பணத்தில் அடைவு தயாரித்து மலிவாகக் கொடுத்தால் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று தனியார் தரவுத்தள நிறுவனங்கள் கேட்டன. அரசு வேலைகளைத் தனியாருக்கு மாற்ற விரும்பிய ரீகன் அரசின் காலம் அது. முழுச் செலவையும் பயனாளரிடமே வசூலிக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் மெட்லார்ஸைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. நூலகத்தின் தரப்பு வாதம் நுட்பமானது. நாங்கள் யாருக்கும் விற்காவிட்டாலும் அடைவைத் தயாரித்தே ஆக வேண்டும்; அது எங்கள் கடமை, அதற்கு வரிப்பணம். அதை ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு மட்டுமே அவர் பொறுப்பு. ஆக, உருவாக்கும் செலவு ஊருக்கு, சேர்க்கும் செலவு கேட்பவருக்கு. இந்தப் பிரிவினை நிலைத்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

ஏனென்றால் சேர்க்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1986-இல் தேசிய மருத்துவ நூலகம் ‘கிரேட்ஃபுல் மெட்’ என்ற மென்பொருளை 29.95 டாலருக்கு வெளியிட்டது. மருத்துவர் தன் கணினியில், இணைப்பு போடுவதற்கு முன்பே, கேள்வியை நிதானமாக அமைத்துக்கொள்ளலாம். இணைப்பு நேரம் சுருங்கும், கட்டணமும் சுருங்கும். தாளில் நூலகர் போட்ட திட்டத்தை மென்பொருள் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். அதே ஆண்டுகளில் குறுவட்டு வந்தது. சில்வர்பிளாட்டர் போன்ற நிறுவனங்கள் மெட்லைனைக் குறுவட்டில் ஆண்டுச் சந்தாவுக்கு விற்றன. ஒரு முறை பணம் கட்டினால் ஆண்டு முழுக்கத் தேடலாம். தொலைபேசி வேண்டாம், மீட்டர் இல்லை. தொலைபேசி இணைப்பே குதிரைக் கொம்பாக இருந்த நாடுகளுக்கு அந்த வட்டு பெரிய வரம். இந்தியாவிலும் 1986-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து தில்லியில் ஓர் உயிர்மருத்துவத் தகவல் மையத்தை அமைத்தன. மெட்லைனில் இந்திய ஆய்விதழ்களின் பங்கு மிகச் சிறியது. அந்தக் குறையை நிரப்ப அந்த மையமே பின்னர் ‘இண்ட்மெட்’ என்ற இந்திய அடைவை உருவாக்கியது.

கட்டணம் உண்மையிலேயே மருத்துவர்களைத் தடுத்ததா? கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹேன்ஸ் குழுவினர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். மருத்துவமனைப் பிரிவுகளில் இலவசமாகக் கிடைத்த தேடலுக்குக் கட்டணம் வைத்ததும் தேடல்கள் குறைந்தன. மருத்துவர்கள் ஏழைகள் அல்லர். சில டாலர் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் நோயாளி எதிரில் இருக்கும் அவசரத்தில், ‘பார்க்காமலே சமாளித்துவிடலாம்’ என்ற எண்ணத்துக்குச் சிறு கட்டணமும் துணை நின்றது. தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டர் பகுதியின் 15 மருத்துவமனைகளில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வில், நூலகம் கொடுத்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றினோம் அல்லது மாற்றியிருப்போம் என்று சொன்னவர்கள் 80 சதவீத மருத்துவர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேடல் சிகிச்சையை மாற்றுகிறது; கட்டணம் தேடலைக் குறைக்கிறது. அப்படியானால் கட்டணத்தின் இழப்பில் ஒரு பகுதி, தேடாத மருத்துவரைத் தாண்டி, தேடலைப் பற்றியே கேள்விப்படாத நோயாளியின் தலையில் விழுகிறது.

அடுத்து இணையம். 1990-களின் நடுவில் மெட்ஸ்கேப், ஹெல்த்கேட், பிசிஷியன்ஸ் ஆன்லைன் போன்ற தளங்கள் மெட்லைனை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின. தர்மம் செய்ய அல்ல. மருத்துவர்களின் கண்களுக்கு மருந்து நிறுவனங்களின் விளம்பரங்களைக் காட்டி அவை பணம் ஈட்டின. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வர வேண்டியிருக்கிறது. 1996-இல், மெட்லைனை இணையத்தில் தேட உதவும் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் சோதனை முறையில் வந்தது. 1997 ஜூன் 26 அன்று அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அதை உலகம் முழுமைக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார். தேடல்களின் எண்ணிக்கை பல மடங்காக எகிறியது. யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தேடுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் என்று தெரிய வந்தது. நோயாளிகளும் அவர்களின் வீட்டாரும்தான் அவர்கள். அவர்களுக்காகவே 1998-இல் ‘மெட்லைன்பிளஸ்’ என்ற எளிய தளம் வந்தது. கட்டணம் இருந்த காலத்தில் இப்படி ஒரு கூட்டம் வெளியே நின்றது என்பதையே யாரும் அறிந்திருக்கவில்லை. விலை யாரைத் தடுக்கிறது என்பது விலையை எடுத்த பிறகே தெரியும்.

இலவசம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா? 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா குறித்த ஓர் ஆய்வு நடந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராக அதில் சேர்ந்தார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் செயலிழந்து இறந்தார். அந்த மருந்து நுரையீரலைப் பாதித்ததைப் பற்றி 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1960-களின் நடுப்பகுதி வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையவை அச்சிட்ட அடைவுத் தொகுதிகளில், அலமாரியில் இருந்தன. அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் மனிதர்கள்மீதான ஆய்வுகளைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பழைய பதிவுகள் பின்னர் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. மீட்டர் ஓடிய காலத்தில் தேடலுக்கு ஒரு நூலகர் இருந்தார். இந்தத் தரவுத்தளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். மீட்டர் போனதும் பல இடங்களில் அவரும் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். காசில்லாத தேடலில் அந்த அறிவும் கழிந்துபோயிற்று.

இனி இன்றைய நிலை. அடைவு இலவசமானதும் விலை ஒரு படி தள்ளி, முழுக் கட்டுரையின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. பப்மெட்டில் சுருக்கத்தைப் படிக்கலாம். முழுக் கட்டுரையைத் தொட்டால் பதிப்பகம் 30 டாலருக்கு மேல் கேட்கும் இடங்கள் பல. அடைவிலும் கட்டணச் சுவர்கள் உண்டு. எல்செவியர் நடத்தும் ‘எம்பேஸ்’ சந்தாவுக்கு மட்டுமே. முறைசார் மீளாய்வு செய்பவர்கள் மெட்லைனோடு, வாய்ப்பு இருந்தால் எம்பேஸிலும் தேட வேண்டும் என்று அத்தகைய மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பு வழிகாட்டுகிறது. நம்மூர்க் கல்லூரியில் எம்பேஸ் இல்லாத ஆய்வாளர், தேடல் போதவில்லை என்ற குறிப்போடு கட்டுரையைத் திரும்பப் பெறும் நிலை உண்டு.

இந்தச் சுவரை உடைக்கப் பல வழிகள் முயலப்பட்டன. 2000-இல் ‘பப்மெட் சென்ட்ரல்’ என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியம் வந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுகள் அதில் சேர வேண்டும் என்பது 2008 முதல் கட்டாயம். 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஆறு பெரிய பதிப்பகங்களோடு சேர்ந்து ‘ஹினாரி’ திட்டத்தைத் தொடங்கியது. ஏழை நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ ஆய்விதழ்கள். தனிநபர் வருமானத்தில் பின்தங்கியிருந்தும் இந்தியா அதில் இல்லை. நாம் பதிப்பகங்களுக்குப் பெரிய சந்தை. கொடை என்பது கொடுப்பவரின் விருப்பம் என்பதை 2011-இல் வங்கதேசம் கண்டது. சில பதிப்பகங்கள் திடீரென்று அந்நாட்டுக்கான ஹினாரி அனுமதியை விலக்கிக்கொண்டன. உலகெங்கும் கண்டனம் எழுந்த பிறகே திருப்பித் தந்தன.

திறந்த அணுகல் இயக்கம் வேறு வழி சொன்னது: வாசகருக்கு இலவசம், எழுதுபவர் கட்டட்டும். நேச்சர் இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். முன்பு படிக்க முடியாதவர் வெளியே நின்றார். இப்போது எழுத முடியாதவர் வெளியே நிற்கிறார்.

இந்தியா எடுத்த வழி, நாடே சேர்ந்து கட்டுவது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காக்ரேன் நூலகத்துக்குத் தேசிய உரிமம் வாங்கியது. இணையம் உள்ள இந்தியர் எவரும், மருத்துவரோ நோயாளியோ, அதைப் படிக்க முடிந்தது. 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம்.  சில்லறை விலையில் ஒரு கட்டுரையே இரண்டாயிரத்தைத் தாண்டும். இது நல்ல பேரம்தான். ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்க வேண்டும். அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் உள்ளே. தெருமுனையில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருக்கும் மருத்துவர் வெளியே. நம் மக்களில் பெரும்பாலோர் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான்.

அந்த மருத்துவருக்கு இப்போது வேறொருவர் கதவைத் திறக்கிறார். செயற்கை நுண்ணறிவுத் தேடல் சேவைகளைச் சொல்கிறேன். கேள்வி கேட்டால் கட்டுரைப் பட்டியலுக்குப் பதிலாகத் தொகுத்த விடையே வருகிறது. அமெரிக்காவில் ‘ஓப்பன்எவிடென்ஸ்’ என்ற சேவை மருத்துவர்களுக்கு இலவசம், வருமானம் விளம்பரத்திலிருந்து. 1990-களின் நடுவில் பார்த்த அதே ஏற்பாடு, இன்னும் நெருக்கமாக. அன்று விளம்பரம் பட்டியலின் ஓரத்தில் இருந்தது. பட்டியலை மருத்துவர் தானே படித்து முடிவெடுத்தார். இன்று விடையே ஆயத்தமாக வருகிறது. விளம்பரம் விடையை வளைக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. வளைக்கிறதா இல்லையா என்று சோதிக்கும் வழி வாசகரிடம் இருக்க வேண்டும் என்கிறேன். லங்காஸ்டர் மெட்லார்ஸை அளந்தது போல யாராவது இவற்றையும் வெளியிலிருந்து அளக்க வேண்டும். எண்களை வெளியிட வேண்டும்.

இந்தச் சேவைகளின் அடியில் இன்னமும் பப்மெட் போன்ற பொது அடைவுகள்தான் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. பப்மெட்டில் இன்று 3.7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்கின்றன. மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படித்துத் தலைப்பிடுவது இயலாமல் போய், 2022 முதல் மெட்லைனுக்குத் தலைப்பிடும் வேலை தானியங்கி முறைக்கு மாறியிருக்கிறது, மனிதர்கள் மேற்பார்க்கிறார்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் பப்மெட் சிறிது நேரம் முடங்கியபோது உலகெங்கும் ஆய்வாளர்கள் கலங்கினார்கள். அமெரிக்க அரசின் நிதிக்குறைப்புச் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஜெர்மனியின் மருத்துவ நூலகமான ஸெட்பி மெட் ஒரு திறந்த மாற்று அமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தது. ஒரு நாட்டின் வரிப்பணத்தை உலகமே நம்பியிருந்ததை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

இவ்வளவும் சொன்னது உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்பதற்காக.

முதலாவது, எந்தத் தேடல் சேவை உங்கள் மேசைக்கு வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு யார் பணம் கட்டுகிறார்? எதற்குக் கட்டுகிறார்: நேரத்துக்கா, கட்டுரைக்கா, மருத்துவரின் கவனத்துக்கா? யார் வெளியே நிற்கிறார்? இது எந்த ஆண்டிலிருந்து, எந்த இதழ்களைத் தேடுகிறது? விலைப்பட்டியலோடு இந்த நான்கு விடைகளையும் எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, தேசியச் சந்தாவின் கதவு பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவருக்கும் திறக்க வேண்டும் என்று மருத்துவர் சங்கங்களோடு சேர்ந்து கேளுங்கள். மருத்துவருக்கு ஏற்கெனவே பதிவு எண் இருக்கிறது. அதையே நுழைவுச் சீட்டாக ஆக்கலாம். காக்ரேன் உரிமத்தில் நாடு முழுவதற்கும் ஒருமுறை திறந்து காட்டியாயிற்று. முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. மீட்டர் காலத்து நூலகர், கேட்பவரிடம் பேசிப் பேசி உண்மையான கேள்வியைக் கண்டுபிடித்தார். எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை என்று குறித்து வைத்தார். அந்தப் பழக்கத்தைக் கட்டணத்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். கட்டணம் திரும்ப வர வேண்டாம். பழக்கம் வர வேண்டும். முதலாண்டு மாணவர் முதல் துறைத் தலைவர் வரை எல்லோருக்கும் தேடக் கற்றுக் கொடுக்கும் வகுப்பு, நம் கல்லூரிகளின் பாட நேர அட்டவணையில் இடம்பெற வேண்டும். அதை எடுக்க வேண்டியவர் நூலகர். அந்த வகுப்புக்கான ஊதியத்தையும் நூலகத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறவரின் நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை நாம் எழுதிக் கேட்காவிட்டால், வேறு யாரும் கேட்டுத் தரப்போவதில்லை.